நிழல் விழும் பக்கம்

அத்தியாயம் 3

லெப்டினன்ட் பான் என்பவனை ஏற்றிப் போக சாயங்காலம் தைபேயிலிருந்து லாரி வரும் என்று சொல்லியிருந்தார்கள். பச்சைத் தார்ப்பாய் போட்ட லாரி. அதில் ஏறிப் போனவன் எவனும் திரும்பி வந்து பயணம் எப்படி இருந்தது என்று சொன்னதில்லை. உளவாளி என்று பெயர் விழுந்துவிட்டால் விசாரணை ஒரு காலையில் முடியும். தண்டனை அதற்கு அடுத்த காலையில். தைவானில் அந்த வருடங்கள் அப்படித்தான் இருந்தன.

பானும் சார்ஜன்ட் தாவும் சீனாவில் விட்டு வந்த ஸெச்சுவானில் ஒரே ஊர்க்காரர்கள். அதனால் அந்தக் காலையில் தாவுக்கு வாய் வழக்கம்போல ஓடவில்லை. கொஞ்சம் குறைவாக ஓடியது.

"இதான் படம், மேஜர்" என்றான் பாதுகாப்பு அதிகாரி கேப்டன் மெங். தர்பூசணி விதையைப் பல்லில் உடைத்து, தோலை மேஜைமேல் துப்பினான். "நல்லாப் பாத்துக்கங்க. பாத்துட்டு, மெங் செஞ்சது சரின்னு ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க. மழைக்கு முன்னாடி தைபே போயிடலாம்."

மேஜர் ஷாங்க்வான் படத்தைக் கையில் எடுத்தார். விமானப்படைத் தலைமையகத்தில் துப்புத் துலக்குகிறவர். தேய்ந்த காலணி, தூங்காத கண். பதில் பிடிக்காவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்பார். தாவ் அவருக்கு டிரைவர், உதவியாளர், சில நாட்களில் தலைவலி.

படம் ஆகாயத்திலிருந்து எடுத்தது. கடலுக்கு அந்தப் பக்கம், கம்யூனிஸ்ட்டுகள் வசம் இருந்த ஃபூஜியான் மலைகள். இந்த விமானத் தளத்தில் இருந்த ஜெட்கள் சண்டைக்குப் போவதில்லை. மூக்கு நிறைய கேமராவை வைத்துக்கொண்டு கடலைத் தாண்டும், படம் பிடிக்கும், எதிரியின் மிக் விமானங்கள் மேலே ஏறி வருவதற்குள் ஓடி வந்துவிடும். போன மாதம் கேப்டன் ரூவான் ஓடி வரவில்லை. அதற்கு முந்தைய படங்களில் வெறுமையாக இருந்த ஒரு குன்றில் அன்று பீரங்கிகள் காத்திருந்தன. அவன் அந்த வழியாகத்தான் வருவான் என்று தெரிந்து வைத்த பீரங்கிகள்.

அப்புறம் கடலோரக் காவல்படை ஒரு மீன்பிடிப் படகை மடக்கியது. மீன் கூடைக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி இந்தப் படம் இருந்தது. படகுக்காரன் கடலில் குதித்தான், கரை சேரவில்லை. படத்தின் மேல் சிவப்பு மெழுகு பென்சிலால் வட்டங்கள், அம்புக்குறிகள், எண்கள். நம் கேமராவுக்கு எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று எதிரிக்குச் சொல்லும் குறிகள்.

"பான் இருட்டறையில பிரின்ட் போடறவன். போட்டதுல ஒண்ணை ஒளிச்சிருக்கான்" என்றான் மெங். "அந்த லாய் கிழவன் இருக்கானே, வாராவாரம் படம் கழுவின பழைய ஹைப்போத் தண்ணியை வாங்கிட்டுப் போறவன், அவன் பீப்பாய்ல போட்டு வெளிய அனுப்பியிருக்கான். லாரி இன்னைக்குப் பானுக்கு. அடுத்த லாரி லாய்க்கு."

"பான் ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்குவான்."

"ஒத்துக்கிட்டானா?"

மெங் சிரித்தான். "மேஜர், நான் காலாட்படைக்காரன். சேத்துல நடந்து நடந்து ஆபீசர் ஆனவன். இந்தப் படமெல்லாம் எனக்கு ஒரு எழவும் புரியாது. மேல இருந்து பாத்தா நாடே சொறி புடிச்ச நாய்த் தோல் மாதிரி இருக்கு. ஆனா மனுஷனைப் படிக்கத் தெரியும். பான் மூஞ்சியைப் பாத்தீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க."

தாவ் மேஜரின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். படத்தின் கீழ் ஓரத்து வெள்ளைப் பட்டையில் தேதியும் வரிசை எண்ணும் அச்சாகியிருந்தன. சிவப்பு எண்கள் மட்டும் தலைகீழாக இருந்தன.

"குறி போட்டவன் குடிச்சிருப்பான் போல" என்றான். "எல்லாத்தையும் தலைகீழா எழுதியிருக்கான்."

மேஜர் திரும்பி அவனைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தான். அவர் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

*

படப் பிரிவில் கேப்டன் ஹுவா தனியாக இருந்தான். பூதக் கண்ணாடியில் கண்ணை வைத்து வைத்து ஒரு பக்கப் புருவம் நிரந்தரமாக மேலேறிப் போனவன். விமானம் கொண்டுவரும் படங்களைப் படித்து, இது கிடங்கு, இது பீரங்கி, இது வைக்கோல் போர்த்திய பொய் என்று பிரித்துச் சொல்வது அவன் வேலை. தளத்தில் அந்த வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

மேஜர் படத்தை மேஜையில் வைத்தார், அச்செழுத்து நேராக இருக்கும்படி. ஹுவா குனிவதற்கு முன்னாலேயே அவன் விரல்கள் படத்தைச் சுற்றித் தலைகீழாக்கிவிட்டன. அச்செழுத்து தலைகீழானது. சிவப்பு எண்கள் நிமிர்ந்து நின்றன.

"ஏன் திருப்பினே?" என்றார் மேஜர்.

"எதை?"

"படத்தை."

ஹுவா தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையோ போல. "ஓ, இதுவா. இது பழக்கம், மேஜர். நிழல் நம்ம பக்கம் விழணும். வயித்துமேல விழற மாதிரி வச்சுக்கணும். முதல் நாள் கிளாஸ்லயே முட்டியில அடிச்சுச் சொல்லித்தருவாங்க."

"விழலைன்னா?"

ஹுவா இழுப்பறையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்துத் தாவிடம் நீட்டினான். "இது பயிற்சிக்கு எடுத்தது, நம்ம தளத்துக்குத் தெக்கால. ரகசியம் ஒண்ணும் இல்ல. நடுவுல வட்டமா என்ன தெரியுது?"

தாவ் அச்செழுத்து நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டான். "குளம். தண்ணி வத்திப்போன குளம்." அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே தடுக்கி விழுந்தாலும் ஒரு பாசனக் குளத்தில்தான் விழ வேண்டும்.

"இப்பத் திருப்பு."

திருப்பினான். குளம் எழுந்து குன்றாகிவிட்டது. தாவ் மறுபடி திருப்பினான். குன்று உள்ளே விழுந்து குளமானது.

"அடப்பாவி! ஒரே படத்துல நிலத்தையும் வித்து குளத்தையும் வித்துரலாம் போலிருக்கே."

"நம்ம கண்ணுக்கு வெளிச்சம் மேலேர்ந்துதான் வரணும்" என்றான் ஹுவா. "இங்க சூரியன் தெக்கால நிக்குது, நிழல் வடக்க விழுது. எழுத்து நேரா இருந்தா வடக்கு மேல வரும், அப்பப் பாத்தா வெளிச்சம் கீழேர்ந்து வர்ற மாதிரி ஆயிடும். மேடு பள்ளமாயிடும். எழுத்து நேரா இருக்கேன்னு பாத்தா ஏமாந்து போவோம். அதனால எங்க ஆளுங்க எழுத்தைக் கவனிக்கவே மாட்டோம். பொண்டாட்டி போட்டோ குடுத்தாக்கூட முதல்ல நிழல் எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தான் மூஞ்சியைப் பாப்போம்."

"அதான் என் பொண்டாட்டி என்னை விட்டுப் போனதுக்குக் காரணம்னா சொல்றீங்க?" என்றான் தாவ். "நான் மூஞ்சியை முதல்ல பாத்துட்டேன்."

மேஜர் சிரிக்கவில்லை. அவருடைய விரல் சிவப்பு எண்களின் மேல் இருந்தது. "இந்த பிரின்ட் போட்ட வாரம் நீ எங்க இருந்தே?"

"ஓகினாவாவுல. ரெண்டு பேருமே. அமெரிக்கக்காரங்க புது மெஷின் காட்டக் கூப்பிட்டிருந்தாங்க. முந்தாநாள்தான் வந்தோம். படமெல்லாம் குறி போடாம அப்படியே அலமாரியில கிடந்துது."

"பானுக்குப் படத்தைப் படிக்கத் தெரியுமா?"

"பானா? அவன் கழுவறவன், மேஜர். இருட்டுல நிக்கறவன். நல்லாக் கழுவுவான். ஆனா படத்துல இருக்கறது மலையா மாட்டுச் சாணியான்னு கேட்டா முழிப்பான்." ஹுவா குரலைத் தாழ்த்தினான். "ரூவான் எனக்கு நண்பன். இதைச் செஞ்சது பான்தான்னு தெரிஞ்சா நானே அவனை லாரியில தூக்கிப் போடுவேன். ஆனா..."

"ஆனா இப்படித் திருப்பி வச்சுக் குறி போட்டவன் படம் படிக்கப் படிச்சவன்" என்றார் மேஜர். "நீங்க ரெண்டு பேரும் இங்க இல்ல. அப்ப மூணாவதா ஒருத்தன் இருக்கான். தெரியாத மாதிரி இருக்கான். இந்தப் பயிற்சிப் படத்தை எனக்குக் குடு."

*

பான் அடைபட்டிருந்தது காவல் அறைக்குப் பின்னால் இருந்த டயர் கிடங்கில். வெளியே விமானிகள் நான்கைந்து பேர் தோல் ஜாக்கெட்டோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். ரூவானின் கூட்டாளிகள். லாரி எப்போது வரும் என்று மெங்தான் அவர்களிடம் சொல்லியிருந்தான், பார்க்கட்டும் என்று. வாசலருகே பானின் மனைவி சூயுன் சாப்பாட்டு அடுக்கோடு நின்றாள். யாரும் உள்ளே விடவில்லை. வடகிழக்குக் காற்று அவள் கோட்டைப் பிடித்து இழுத்தது. விமானிகளில் ஒருவன் அவள் காலடியில் துப்பினான். அவள் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

உள்ளே பான் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"தாவ் அண்ணே" என்றான். "நான் எதையும் எடுக்கல. சரியா வராத பிரின்டையெல்லாம் எண்ணி மெங் சார்கிட்ட குடுத்துருவேன். அவர்தான் எரிப்பார். அதுதான் விதி. ஒவ்வொரு வாரமும் குடுத்திருக்கேன்."

"தெரியும்டா. உனக்குத் திருடத் தெரியாது. சீட்டு ஆடறப்பவே உன் மூஞ்சியில எல்லாச் சீட்டும் தெரியும்."

மேஜர் பயிற்சிப் படத்தை நீட்டினார். "பான், நான் ரிடையர் ஆனா இந்தப் பக்கம் நிலம் வாங்கலாம்னு இருக்கேன். நடுவுல இருக்கே, அது எப்படி?"

சாகப்போகிறவனிடம் நிலம் விசாரிக்கிற மனிதரைப் பான் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு படத்தை வாங்கினான். அச்செழுத்து நேராகவே இருந்தது. திருப்பவில்லை.

"குளம், மேஜர். தூர் வாரணும். வீடு கட்டறதுக்கு ஆகாது." பிறகு கேட்டான்: "லாரி வந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"சத்தம் கேட்டுது."

"தண்ணி லாரி" என்றான் தாவ்.

வெளியே வந்ததும் தாவ் மேஜரைப் பிடித்துக்கொண்டான். "அவன் இல்லதானே? குளம்னுதானே சொன்னான்? போய்ச் சொல்லி விட்டுர வேண்டியதுதானே?"

"யார்கிட்ட போய்ச் சொல்றது? குளம்னு சொன்னான், அதனால நல்லவன்னா? நடிச்சிருக்கலாம்னு மெங் சொல்வான். ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினாத்தான் பானை விடுவாங்க. வண்டியை எடு."

*

லாயின் கொட்டகை ஊருக்கு வெளியே வயலை ஒட்டி இருந்தது. நான்கு பீப்பாய், ஒரு உலை, அழுகின முட்டை நாற்றம். படம் கழுவி முடிந்த ஹைப்போத் தண்ணீரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைப் பிரித்தெடுத்து விற்பது கிழவனின் பிழைப்பு. லாய் உள்ளூர்க்காரன். சீனாவிலிருந்து வந்த மேஜரின் பேச்சு அவனுக்குப் பாதிதான் புரியும். சீருடை முழுக்கப் புரியும்.

"ஐயா, நான் தண்ணிதான் எடுத்துட்டுப் போறேன்யா. காகிதம் ஒண்ணும் இல்ல. கேட்டுல பீப்பாய்க்குள்ள கம்பு விட்டுக் கலக்கிப் பாத்துட்டுத்தான் விடுவாங்க. மெங் ஐயாவே கலக்குவாரு."

"லாய் மாமா, பயப்படாதீங்க" என்றான் தாவ். "இவர் அடிக்க மாட்டார். பாத்துக்கிட்டே இருப்பார். அது அடியைவிட மோசம், ஆனா வீங்காது."

மேஜர் படத்தைக் கொடுத்தார். நிலக் கதையைச் சொன்னார். லாய் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். முதலில் பக்கவாட்டில் பிடித்தான். பிறகு எழுத்து இருக்கும் பக்கம் கீழே வரும்படி நேராக்கினான். எழுத்து படிக்கத் தெரியாதவன்தான். ஆனாலும் எழுத்துக்கு எது தலை, எது கால் என்பது தெரிந்திருந்தது.

"இந்தக் குளமா? வேண்டாம் ஐயா. கரை சரிஞ்சிருக்கு. உங்களை ஏமாத்தறாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் தாவ் வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டினான். "குளம், குளம், குளம். தைவானே குளம். மேஜர், அந்த வாரம் பிரின்ட் பக்கத்துல போனவங்க ரெண்டே பேர். ரெண்டு பேருக்கும் குளம்தான் தெரியுது. மூணாவது ஆள் பேயா?"

"அந்த ரெண்டு பேரையும் சோதிச்சது யாரு?"

தாவ் திரும்பி மேஜரைப் பார்த்தான். வண்டி சாலையோரம் இறங்கி ஏறியது.

"ரோட்டைப் பாரு" என்றார் மேஜர்.

*

மெங் தொலைபேசியில் இருந்தான். ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, இரண்டு கையாலும் விதை உரித்துக்கொண்டிருந்தான். பெல்ட்டும் துப்பாக்கியும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. தாவ் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே, ஆணிக்கு முன்னால் நின்றான். மேஜையிலிருந்து ஒரு கை விதையை அள்ளிக்கொள்ளவும் மறக்கவில்லை.

"ஒரு ஆள்தான்... ஆமா... லாரி பாலம் தாண்டிருச்சா? சரி, அப்ப வந்துரும்..." மெங் கண்ணாலேயே மேஜரை உட்காரச் சொன்னான்.

மேஜர் உட்காரவில்லை. களைத்துப்போனவர் போலப் பயிற்சிப் படத்தை மெங்குக்கு முன்னால் போட்டார். அச்செழுத்து மெங்குக்கு நேராக இருந்தது.

"பானும் உருப்படியா ஒண்ணும் சொல்லல, லாயும் சொல்லல. நீங்க சொன்னதுதான் சரி போலிருக்கு, கேப்டன்" என்றார். "கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். வந்ததுக்கு ஒரு நிலமாவது பாத்துட்டுப் போகலாம்னு இருந்தேன். இங்க ஒரு இடம் விலைக்கு வருது. நடுவுல இருக்கற குளம்தான் யோசனையா இருக்கு."

"ஆமா, கயிறு கொண்டு வாங்க..." என்றான் மெங் தொலைபேசியில். வாய் அங்கே இருந்தது. கை தன் வேலையைப் பார்த்தது. விதையை விட்டுவிட்டு இரண்டு விரல் படத்தின் மூலையில் பதிந்து, அரை வட்டம் சுற்றியது. அச்செழுத்து தலைகீழாகப் போய் நின்றது.

மெங் குனிந்து பார்த்தான். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னான்: "எந்தக் குளம்? கண்ணாடியை மாத்துங்க, மேஜர். இது மேடு. நல்ல உசரம். பின்னாடி வண்டி போன தடம்கூட இருக்கு பாருங்க."

தாவின் வாயில் இருந்த விதை உடையாமலே தொண்டைக்குள் போய்விட்டது.

"போனை வச்சிருங்க, கேப்டன்" என்றார் மேஜர்.

அவர் குரலில் எதுவும் மாறவில்லை. மெங்குக்குத்தான் ஏதோ மாறியது. ரிசீவரை வைத்தான்.

"இன்னைக்கு இந்தப் படத்தைத் தாவ் பாத்தான், பான் பாத்தான், லாய் பாத்தான். எல்லாரும் குளம்னாங்க. எனக்கும் குளம்தான். ஹுவாதான் மேடுன்னு சொல்லித்தந்தான். உங்களுக்கு யாரு சொல்லித்தந்தது?"

"என் கண்ணு நல்லா இருக்கு. அது ஒரு குத்தமா?"

"கண்ணு இல்ல. கை."

மெங் தன் கையைப் பார்த்தான். அது இன்னும் படத்தின் மூலையில் இருந்தது. மெதுவாக எடுத்துக்கொண்டான்.

"படகுல சிக்கின படத்துல சிவப்பு எண்ணெல்லாம் தலைகீழா இருக்கு" என்றார் மேஜர். "அதைக் கையில வச்சுக்கிட்டிருந்தும் உங்களுக்கு அது உறைக்கல. ஏன்னா உங்களுக்கு அது நேராத்தான் இருந்துது. சரியா வராத பிரின்டை எரிக்கறது நீங்க. பீப்பாயைக் கலக்கிப் பாக்கறது நீங்க. உங்களை யாரும் கலக்கிப் பாக்கறது இல்ல."

"எங்க படிச்சீங்க, கேப்டன்?" என்றான் தாவ். "சேத்துல நடந்து நடந்தா?"

மெங் சிரிப்பைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். "மேஜர், காகிதத்தைத் திருப்பினான்னு சொல்லி ஒருத்தனைச் சுட முடியுமா? எந்தக் கோர்ட்டு ஏத்துக்கும்?"

"ஏத்துக்காது" என்றார் மேஜர். "நானும் வர்ற வழியில அதைத்தான் யோசிச்சேன்."

வெளியே டீசல் இன்ஜின் சத்தம் கேட்டது. லாரி. மேஜர் ஜன்னல் பக்கம் போனார். விமானிகள் சுவரிலிருந்து நிமிர்ந்து நின்றார்கள். ஹுவாவும் வந்து அவர்களோடு சேர்ந்திருந்தான்.

"ஆனா அவங்க கோர்ட்டு இல்ல" என்றார். "நான் இப்பக் கீழ போய் ஹுவாகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன். உங்க கை என்ன பண்ணிச்சுன்னு. அவனுக்கு வேற ஆதாரம் தேவைப்படாது. திருப்பறது என்னன்னு அவனுக்குத் தெரியும். அவன் மத்தவங்ககிட்ட சொல்வான். நானும் தாவும் அப்படியே தைபே கிளம்பிடுவோம். மழைக்கு முன்னாடி போயிரணும்னு நீங்களே சொன்னீங்க."

மெங்கின் பார்வை கதவுக்குப் பின்னாலிருந்த ஆணிக்குப் போனது. ஆணிக்கு முன்னால் தாவ் இருந்தான். இன்னொரு விதையை வாயில் போட்டுக்கொண்டு, முதல்தடவையாகச் சிரிக்காமல் இருந்தான்.

"நான் குறி மட்டும்தான் போட்டேன்" என்றான் மெங் கடைசியில். "பீரங்கியை நான் கொண்டுபோய் வைக்கல. ரூவான் அந்த வழியா வருவான்னு எனக்குத் தெரியாது." பிறகு: "அந்தப் பக்கம் என் பொண்ணு இருக்கா."

தாவுக்கு அந்தப் பக்கம் அம்மா இருந்தாள். பானுக்கு இரண்டு தங்கைகள். அந்தத் தளத்தில் அந்தப் பக்கம் யாரும் இல்லாதவன் எவனும் இல்லை.

"லாரியா, அவங்களா?" என்றார் மேஜர்.

*

லாரியோடு வந்த சார்ஜன்ட் சட்டப்படி நடக்கிற ஆள். கையிலிருந்த உத்தரவைப் பார்த்தான், மெங்கைப் பார்த்தான், மறுபடி உத்தரவைப் பார்த்தான்.

"இதுல பான்னு போட்டிருக்கு. இவர் பான் இல்ல."

"இல்ல" என்றார் மேஜர். "பேர் மாறிப்போச்சு."

"பேரை மாத்தணும்னா கையெழுத்துப் போட்ட அதிகாரிதான் மாத்தணும். இல்லேன்னா உத்தரவுல இருக்கற ஆளைத்தான் ஏத்தணும், மேஜர். ஆள் இல்லாமத் திரும்பிப் போனா நான்தான் ஏற வேண்டியிருக்கும்."

"கையெழுத்துப் போட்ட அதிகாரி யாரு?"

சார்ஜன்ட் படித்தான். "கேப்டன் மெங்."

"இதோ நிக்கறார்" என்றான் தாவ், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே. "கைக்கெட்டற தூரத்துல ஆபீஸ். இந்த வசதி எல்லாருக்கும் கிடைக்காது."

மெங் பேனாவை வாங்கினான். காவல் அறைப் பக்கம் விமானிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானின் பெயர்தான் எழுதப்படுகிறது என்று நினைத்திருப்பார்கள். மெங் முதலில் எழுதவில்லை. பேனா முனை காகிதத்துக்கு மேலே நின்றது. அந்த நேரம் அவன் மட்டும் மறுத்திருந்தால், பான் லாரியில் போயிருப்பான். மேஜரால் அதை நிறுத்தியிருக்க முடியாது. தாவுக்கு அது தெரியும். மேஜருக்கும் தெரியும். அதனால் இரண்டு பேரும் மெங்கின் முகத்தைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தார்கள்.

ஹுவா இரண்டடி முன்னால் வந்தான். சும்மாதான் வந்தான், குளிருக்கு ஜாக்கெட்டை இழுத்து விட்டுக்கொள்ள.

மெங் பானின் பெயரை அடித்தான். தன் பெயரை எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

சார்ஜன்ட் இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தான். "ஏத்தறவரும் ஏறறவரும் ஒரே ஆளா?"

"செலவு மிச்சம்" என்றான் தாவ்.

தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்தது. மெங் தானே ஏறிக்கொண்டான், யாரும் தொடவில்லை. அவன் தார்ப்பாய்க்குள் குனிவதற்கு முன்னால் மேஜர் கேட்டார்: "அந்தப் பக்கம் உங்களோட படம் படிக்கக் கத்துக்கிட்ட வகுப்புல எத்தனை பேரு?"

மெங் அவரைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே வந்தது. தார்ப்பாய் இறங்கியது.

மேஜர் அங்கேயே நின்றார். தாவ் நிற்கவில்லை. சாவிக்காரனை இழுத்துக்கொண்டு டயர் கிடங்குக்கு ஓடினான்.

கதவு திறந்தது. பான் வெளியே வரவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, கட்டிலின் இரும்புக் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான்.

"எழுந்திரு. முடிஞ்சுபோச்சு" என்றான் தாவ்.

பான் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"டேய், விடுதலைடா. வெளிய உன் பொண்டாட்டி நிக்கறா. நீ வரலேன்னா அந்தச் சாப்பாட்டை நான் தின்னுருவேன்."

"ஏத்தறதுக்கு முன்னாடி அப்படித்தான் சொல்லுவாங்களாம்" என்றான் பான். "கத்தக் கூடாதுன்னு. எனக்குத் தெரியும், தாவ் அண்ணே. உங்களைச் சொல்லச் சொல்லியிருக்காங்க. பரவாயில்ல. நீங்க சொல்லித்தான் ஆகணும்."

தாவ் அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மருந்துக் கறை ஏறிப் பழுப்பான விரல்கள், இரும்போடு இரும்பாக இருந்தன. சத்தியம் செய்து பார்த்தான். ஊர்ப் பேச்சில் திட்டிப் பார்த்தான். சாவிக்காரன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். கடைசியில் தாவ் அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வெளியே இன்ஜின் இரும ஆரம்பித்தது. பான் கண்ணை மூடிக்கொண்டான்.

"கேளு" என்றான் தாவ். "ஒண்ணும் பேசாதே. அதை மட்டும் கேளு."

லாரி கியர் மாறியது. வாசலில் நின்றது, கேட் சங்கிலி உரசியது, மறுபடி நகர்ந்தது. சாலையில் திரும்பியது. காற்று சத்தத்தை ஒரு தடவை திருப்பிக் கொண்டுவந்து கிடங்குக்குள் போட்டது. பானின் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் மெலிந்தது. பாலத்துப் பக்கம் கொஞ்சம் கேட்டது. அதுவும் போனது.

அதற்குப் பிறகும் வெகுநேரம் பான் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு கையை மட்டும் கட்டில் காலிலிருந்து எடுத்தான்.

"யாரு போறா அதுல?" என்றான்.